பதினான்கு-பி இருக்கையின் சட்டபூர்வ உரிமையாளர்

இருக்கைப் பாத்தியதைக்காரர் என்றோர் இனம் உண்டு. நீங்கள் பார்த்திருப்பீர்கள். விமானத்துக்குள் நுழைந்ததும் மற்றவர்கள் எல்லாம் பெட்டியை எங்கே திணிக்கலாம் என்று மேலே பார்க்க, இவர் மட்டும் கீழே பார்ப்பார். தமக்குரிய இருக்கையின் கைப்பிடி, பக்கத்து ஆசாமியின் முழங்கை, முன்னிருக்கையின் சாய்மானம், அதற்கும் தம் முழங்காலுக்கும் நடுவே விடப்பட்டிருக்கும் சந்து ஆகிய அனைத்தையும் கண்ணாலேயே அளந்து முடித்து, ஏற்கெனவே அநீதி இழைக்கப்பட்டவரின் முகத்தோடு உட்காருவார். அநீதி இன்னும் நடந்திருக்காது. நடக்காமல் எங்கே போய்விடும்?

இவரைச் சண்டைக்காரர் என்று நினைத்துவிடாதீர்கள். சண்டைக்காரர் கத்துவார், களைத்ததும் அடங்குவார். இவர் கத்துவதே இல்லை. இவரிடம் காகிதம் இருக்கிறது. கத்துகிறவரைச் சமாளிக்க விமானப் பணிப்பெண்களுக்குப் பயிற்சி கொடுத்திருக்கிறார்கள். காகிதம் வைத்திருப்பவரைச் சமாளிக்க?

இவ்வினத்தின் முழு வளர்ச்சியடைந்த மாதிரியைக் காண விரும்புவோர் தென்கொரியாவின் பூச்சன் நகரத்தில் வசிக்கும் பியன் தோக்-சு அவர்களைப் பார்க்கலாம். முப்பத்திரண்டு ஆண்டுகள் லிஃப்ட் சோதனையாளராக இருந்து ஓய்வு பெற்றவர். 'எட்டு நபர், ஐந்நூற்றைம்பது கிலோ' என்று எழுதியிருக்கும் லிஃப்டுக்குள் ஒன்பதாவது ஆளாக நுழைந்த ஒரு வங்கி மேலாளரைக் கையைப் பிடித்து வெளியே விட்டவர். சட்டக் கல்லூரியின் வாசலை மிதித்ததில்லை. ஆனாலும் பயணிகள் உரிமை விதிகளை நூலகத்தில் உட்கார்ந்து தாமே படித்து, பச்சை மையால் அடிக்கோடிட்டு, அடிக்கோடிட்டவற்றை மட்டும் தனியே நகலெடுத்து, நகலுக்குப் பொருளடக்கமும் தயாரித்தவர். அவருடைய நீலக் கோப்பில் நாற்பது கண்ணாடித்தாள் உறைகள் இருந்தன. ஆறாவது உறையில், பக்கத்துப் பயணியின் முழங்கை கைப்பிடியைத் தாண்டி நான்கு சென்டிமீட்டர் அத்துமீறியதற்கான புகைப்படம், அளவுநாடா தெரியும்படி. பத்தொன்பதாவதில், வெவ்வேறு விமானங்களின் கால் வைக்கும் இடத்தை ஒப்பிடும் அட்டவணை. இருபத்திரண்டு முதல் முப்பத்திரண்டு வரை, அவர் அனுப்பிய பதினொரு புகார்க் கடிதங்களும், 'தங்கள் மேலான கருத்துக்கு நன்றி' என்று தொடங்கி அத்துடனேயே முடிந்துவிடும் பதினொரு பதில்களும். ஒரு நிறுவனம் மட்டும் மனம் இளகி பிளாஸ்டிக் பொம்மை விமானம் ஒன்றை அனுப்பிவைத்தது. அதைப் பிரித்துப் பார்த்துவிட்டு மனைவியிடம் சொன்னார்: "இதுக்குள்ள இருக்கையே இல்லை."

எல்லாவற்றுக்கும் மூலம் முதல் உறை. அதில் ஒரு பழைய போர்டிங் பாஸ் இருக்கிறது. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்தாறு, மே மாதம், கிம்போவிலிருந்து ஜேஜு. அந்நாளில் கல்யாணம் செய்துகொண்ட எல்லோரையும் போலவே தோக்-சுவும் அவருடைய மனைவி கில்-சுன்னும் தேனிலவுக்கு ஜேஜு தீவுக்குக் கிளம்பினார்கள். முதல் விமானப் பயணம், ஒரே நிறத்தில் இரண்டு சட்டைகள், ஜன்னலோரம் அவள், அருகே அவர். உட்கார்ந்து ஒரு நிமிடம் ஆகவில்லை, நடுவயதுக்காரர் ஒருவர் வந்து தலையைச் சொறிந்தார். "தம்பி, எங்கப்பா பின்னாடி வரிசையில உக்காந்தா அவருக்குக் குமட்டும். கொஞ்சம் இடம் மாத்திக்கலாமா?" தோக்-சுவுக்கு அப்போது வயது இருபத்தேழு. பண்பானவர். "ஐயோ, அதுக்கென்னங்க!" என்று எழுந்துவிட்டார்.

அந்த 'அதுக்கென்னங்க'வைத்தான் நாற்பது ஆண்டுகளாக மென்றுகொண்டிருக்கிறார்.

பெரியவருக்குக் குமட்டவில்லை. அவர் வழி முழுவதும் புது மணப்பெண்ணுடன் கதை பேசிக்கொண்டு வந்தார். மூன்று வரிசை பின்னால் உட்கார்ந்திருந்த மணமகனின் காதில், என்ஜின் சத்தத்தையும் மீறி, கில்-சுன்னின் சிரிப்பு விழுந்தது. ஒரு முறை அல்ல, இரண்டு முறை. கல்யாணமான ஆறு நாளில் அவள் அவரிடம் அப்படிச் சிரித்ததில்லை. எதற்காகச் சிரித்தாய் என்று அவர் அன்றும் கேட்கவில்லை, பிறகும் கேட்கவில்லை. கேட்டால் கிடைப்பது வாய்மொழிச் சான்றாகத்தான் இருக்கும். வாய்மொழிச் சான்றை அவர் ஏற்பதில்லை.

ஆகவே, இந்த ஆண்டு மே மாதம், கல்யாணத்தின் நாற்பதாவது ஆண்டு நிறைவுக்கு அதே ஜேஜுவுக்கு அதே மனைவியுடன் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து போவது என்று அவர் முடிவெடுத்தபோது, அதை வெறும் பயணம் என்று எண்ணிவிடக் கூடாது. அது மேல்முறையீடு. பதிவு தொடங்கிய நான்காவது நிமிடத்தில் பதினான்கு-ஏ, பதினான்கு-பி இரண்டையும் பிடித்தார். அவசரக் கதவை ஒட்டிய வரிசை அது. கால் நீட்ட இடம் உண்டு, அதற்குத் தனிக் கட்டணமும் உண்டு. எட்டு மாதத்துக்கு முன் வலது முழங்கால் மூட்டை மாற்றிக்கொண்டவருக்கு அந்த இடம் வேண்டியிருந்தது.

விமானம் நிரம்பி வழிந்தது. ஆரஞ்சும் ஊதாவுமாக மலையேற்ற உடை அணிந்த முப்பது பேர், ஊன்றுகோல்களோடும் முதுகுப்பைகளோடும், ஒருவர் பெயரை ஒருவர் கூவிக்கொண்டு நடைவழியை அடைத்து நின்றார்கள். அவர்களைப் பிளந்துகொண்டு தோக்-சு தம் வரிசையை அடைந்தபோது, பதினான்கு-பியில் ஒருவர் உட்கார்ந்து அவித்த முட்டையை உரித்துக்கொண்டிருந்தார். மலையேற்றச் சங்கத்தின் செயலாளர் தாக் மான்-ஹோ.

நம்மவர் முகத்தில் அப்போது தோன்றியதைக் கோபம் என்று சொல்ல மாட்டேன். நாற்பது வருடம் தூண்டில் போட்டுக் காத்திருந்தவனின் நிம்மதி அது.

"மன்னிக்கணும். இது என் இடம்."

"அட, எங்கயாவது உக்காருங்க சார். ஒரு மணி நேரம்தானே? கண்ணை மூடித் திறந்தா ஜேஜு!"

"எங்கயாவது உக்கார இது பூங்கா பெஞ்சு இல்லை. நம்பர் போட்டிருக்கு."

"என்னோடது முப்பத்தொண்ணு-ஈ. நம்ம ஆளுங்க எல்லாம் இந்தப் பக்கம் இருக்காங்க, அதான். நீ அங்க போய் உக்காந்துக்கப்பா."

"சேரின் அப்பா," என்றாள் கில்-சுன், அதற்குள் ஜன்னலோரம் போய் உட்கார்ந்து பெல்ட்டையும் மாட்டிவிட்டவள், "அந்தப் பொண்ணைக் கூப்பிட்டுச் சொல்லுங்க. முடிஞ்சுபோகும்."

சேரின் என்பது அவர்களுடைய மகளின் பெயர். அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் கில்-சுன் பொறுமையாக இருக்கிறாள் என்று பொருள்.

உண்மையிலேயே முடிந்துதான் போயிற்று. யூன்-பி என்ற பெயர்ப்பட்டை அணிந்த பணிப்பெண் வந்தாள், தோக்-சுவின் போர்டிங் பாஸைப் பார்த்தாள், "ஐயா, இது இவங்க இருக்கைதான். தயவுசெஞ்சு உங்க இடத்துக்குப் போயிடுங்க" என்று மான்-ஹோவைப் பார்த்துச் சொன்னாள். மான்-ஹோவும் முணுமுணுத்துக்கொண்டே முட்டை ஓட்டைக் காகிதத்தில் மடித்து எழுந்தார். நம்மவர் வென்றுவிட்டார். கோப்பைத் திறக்கக்கூட இல்லை.

இந்த இடத்தில் உட்கார்ந்துவிடுகிறவர் சாதாரண மனிதர். பாத்தியதைக்காரர் உட்காருவாரா?

"ஒரு நிமிஷம்," என்றார் தோக்-சு. "இவர் என்னை 'நீ'ன்னு சொன்னார். அதுக்கு ஒரு மன்னிப்பு பாக்கி இருக்கு."

எங்கள் ஜனங்களுக்கிடையே எந்தத் தகராறும், அது வண்டி நிறுத்தும் இடத்தைப் பற்றியதாகட்டும், வாக்காளர் பட்டியலைப் பற்றியதாகட்டும், மூன்றாவது நிமிடத்தில் யார் மூத்தவர் என்ற கேள்விக்கு வந்து சேரும். இதுவும் வந்து சேர்ந்தது. பிறந்த ஆண்டை ஒரு விலங்கின் பெயரால் சொல்வதும் எங்கள் வழக்கம்.

"மன்னிப்பா? உனக்கு என்ன வயசுய்யா?"

"பன்றி வருஷம்!" என்றார் தோக்-சு. "ஐம்பத்தொன்பதுல பொறந்தவன்."

"நான் எலி. அறுபது. நான் உன்னைவிட ஒரு வருஷம் சின்னவன்னு சொல்ற. நம்பச் சொல்றியா? அட்டையை எடு!"

"எடுக்கிறேன். காகிதத்துல பேசலாம்னு நீங்களே சொல்லிட்டீங்க. எனக்கும் அதுதான் பழக்கம்."

இவ்வளவு மிடுக்காக அடையாள அட்டையை எடுத்து நீட்டிய பிறகுதான், கை நீண்டிருந்த நிலையிலேயே, அவருக்கு நினைவு வந்தது. அவருடைய தந்தை, குழந்தை பிழைக்குமா என்று இரண்டு வருடம் பொறுத்துப் பார்த்துவிட்டுத்தான் நகராட்சிக்குப் போய்ப் பதிவு செய்தார். அட்டையில் இருப்பது அறுபத்தொன்று.

மான்-ஹோ அட்டையைக் கண்ணுக்கு அருகில் வைத்துப் படித்தார். தூரத்தில் வைத்துப் படித்தார். பிறகு முகமெல்லாம் பல்லாகத் திரும்பிப் பின் வரிசைகளுக்கு அறிவித்தார்: "மாடு! மாட்டு வருஷம்! நம்ம தம்பிதான்யா!"

"அது தப்பு," என்றார் தோக்-சு. "எங்கப்பா லேட்டாப் பதிஞ்சுட்டார். அந்தக் காலத்துல எல்லாரும்..."

"காகிதத்துல பேசலாம்னியே தம்பி?"

"காகிதம் தப்பா இருக்கு!"

அறுபத்தேழு வருட வாழ்க்கையில் இந்த வாக்கியத்தை அவர் உச்சரிப்பது இதுவே முதல் தடவை. சொன்ன வாயை அவரே நம்ப முடியாமல் மூடிக்கொண்டார்.

"பன்றியோ மாடோ, சீக்கிரம் ஒரு முடிவுக்கு வாங்கப்பா!" என்று பின்னாலிருந்து ஓர் அம்மாள் குரல் கொடுத்தாள். "ஜேஜுல காத்து கிளம்பிட்டா இந்த விமானமே போகாது!"

"அண்ணேன்னு ஒரு தடவை சொல்லிட்டு உக்காரு தம்பி," என்றார் மான்-ஹோ, பெருந்தன்மையோடு அவர் தோளைத் தட்டி. "இளவட்டம். காலும் திடமா இருக்கும். எனக்கு இந்த இடத்தை விட்டுக் குடுத்தாக்கூடத் தப்பில்லை."

கால்! தோக்-சுவின் கண்கள் பளபளத்தன. உட்கார்ந்திருக்கலாம். இருக்கை காலியாக, அவருடையதாக, முட்டை வாசனையோடு காத்திருந்தது. கில்-சுன் அதைக் கையால் தட்டியும் காட்டினாள். "உக்காருங்க. போதும்." மகள் பெயர் காணாமல் போயிருந்தது, அபாய அறிகுறி. அவர் கவனிக்கவில்லை. முப்பத்தேழாவது உறையைத் திறந்து, எலும்பு மருத்துவரின் சான்றிதழை உருவி, முத்திரை எல்லோருக்கும் தெரியும்படி உயர்த்திப் பிடித்து, நிறுத்தி நிதானமாகப் படித்தார்:

"'மேற்படி நபருக்கு வலது முழங்கால் மூட்டு மாற்றப்பட்டுள்ளது. மூட்டை விரைந்து மடக்குதல் கூடாது. பத்து கிலோவுக்கு மேல் எடை தூக்குதல் கூடாது. நெரிசலான இடங்களில் வேகமாக நகர்தல் தவிர்க்கப்பட வேண்டும்.' கேட்டாச்சா? இதுக்குத்தான் இந்த இடம் எனக்குச் சேரணும்!"

மலையேற்றச் சங்கத்தின் பெண்கள் இருவர் 'த்சொ' என்று இரக்கப்பட்டார்கள். மான்-ஹோவின் தலைகூடத் தாழ்ந்தது. வெற்றி, மறுபடியும், முழுமையாக.

யூன்-பி மட்டும் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஐயா," என்றாள் மெதுவாக. "இது அவசரக் கதவு வரிசை. ஏதாவது ஆச்சுன்னா இங்க இருக்கிறவங்கதான் கதவைத் திறந்து மத்தவங்களை இறக்கிவிடணும். இந்தக் கதவு பதினைஞ்சு கிலோவுக்கு மேல."

"எனக்குத் தெரியும். விதிகள்ல நாலாவது..." என்று தொடங்கிய தோக்-சு நின்றார். விதி அவருக்குத் தெரியும். பச்சை மையால் அடிக்கோடிட்டிருக்கிறார். கால் நீட்டும் இடத்தை விவரிக்கும் பத்திக்கு நேர் கீழே உள்ள பத்தி அது.

"நான் காகிதத்தைப் பாக்காம இருந்திருந்தா வேற," என்றாள் அவள், உண்மையான வருத்தத்தோடு. "இப்பப் பாத்துட்டேன்."

பாருங்கள், இவருடைய இனத்தின் பெருமையும் இங்கேதான் இருக்கிறது. அவர் வாதாடவில்லை. எட்டு நபர் லிஃப்டிலிருந்து ஒன்பதாவது ஆளை வெளியே விட்டவர் அவர். அவள் இடத்தில் தாம் இருந்திருந்தால் கையெழுத்தும் வாங்கியிருப்பார் என்று அவருக்குத் தெரியும். "சரி," என்றார். சான்றிதழை உறையில் போட்டு, உறையின் ஓரத்தை நீவிவிட்டார்.

கில்-சுன்னிடம் யூன்-பி கேட்டாள்: "அம்மா, அவசரம்னா உங்களால கதவைத் திறக்க முடியுமா?"

"வருஷா வருஷம் நூறு முட்டைக்கோஸ் தூக்கி வெச்சு கிம்ச்சி ஊறுகாய் போடறவ நான். இந்தக் கதவா?"

ஆக, காலியாக இருந்த ஒரே இருக்கையான முப்பத்தொன்று-ஈக்கு, மலையேற்றச் சங்கத்தின் இரண்டு பெண்களுக்கு நடுவே, தோக்-சு அனுப்பப்பட்டார். பதினான்கு-பியில், வாரந்தோறும் மலையேறும் கால்களோடு, தாக் மான்-ஹோ சட்டபூர்வமாக அமர்ந்தார். "கவலைப்படாதே தம்பி," என்று போகும்போது சொன்னார். "அண்ணிக்கு... இல்ல, தம்பி பொண்டாட்டிக்கு, நான் மலையைக் காட்டறேன்."

விமானம் மேலெழுந்தது. தோக்-சுவின் இடப்பக்கத்து அம்மாள் காய்ந்த கணவாய் மீனைக் கிழித்து நீட்டினாள். வலப்பக்கத்து அம்மாளின் முழங்கை கைப்பிடியைத் தாண்டி ஆறு சென்டிமீட்டர் வந்திருந்தது. அவர் அளக்கவில்லை. பெல்ட் விளக்கு அணைந்ததும் கழுத்தை நீட்டி முன்னால் பார்த்தார். பதினேழு வரிசை. இரண்டு தலைகள். ஒன்று மற்றொன்றின் பக்கம் சாய்ந்து ஏதோ சொல்லிற்று.

அப்போது அது அவர் காதில் விழுந்தது. அதே சிரிப்பு. நாற்பது வருடத்தில் ஒரு நரைகூட விழாத சிரிப்பு.

"என்ன தம்பி, இருப்புக் கொள்ளலையா?" என்றாள் கணவாய் அம்மாள். "வேணும்னா நான் முன்னாடி போறேன், உங்க வீட்டம்மா இங்க வரட்டும். எனக்குக் கால் நல்லாத்தான் இருக்கு."

இடம் மாற்றிக்கொள்வது! கோப்பின் முதல் பக்கத்தில், பொருளடக்கத்துக்கும் முன்னால், 'எக்காரணம் கொண்டும் இருக்கையை மாற்றிக்கொள்வதில்லை' என்று பெரிய எழுத்தில் எழுதி வைத்திருப்பவரிடம் இப்படிக் கேட்கிறாள். தோக்-சு அவள் பக்கம் குனிந்தார். "முடியுமாங்க?" என்றார், அவருக்கே கேட்காத குரலில்.

யூன்-பி தூது போனாள். திரும்பி வந்தாள். "அவங்க சொன்னதை அப்படியே சொல்லச் சொன்னாங்க, ஐயா. 'ஜன்னல் நல்லா இருக்கு. அவரை அங்கேயே இருக்கச் சொல்லுங்க.'"

பின்னாலேயே ஒரு பொட்டலமும் வந்தது. பதினான்காம் வரிசையிலிருந்து கை மாறி, கை மாறி, மலையேற்றச் சங்கத்தின் ஊடாகப் பயணம் செய்து வந்த கிம்பாப், கடற்பாசித் தாளில் சுற்றிய சோறு. காலையில் கில்-சுன் பத்துத் துண்டு நறுக்கியதை அவர் பார்த்திருக்கிறார். வந்து சேர்ந்தது எட்டு. அதன் மேல் மடித்து வைத்த காகிதக் கைக்குட்டையில் பேனாவால் எழுதியிருந்தது: 'சாப்பிடுங்க. தலையை எட்டி எட்டிப் பார்க்காதீங்க.'

ஜேஜுவில் சக்கரம் தரையைத் தொட்டதும், வழக்கம்போல, எல்லோரும் எழுந்து நின்றார்கள். விளக்கு அணையும்வரை உட்கார்ந்திருந்தவர் ஒருவரே. கடைசியாக இறங்கியவரும் அவரே. பெட்டிகள் வரும் இடத்தில் கில்-சுன் தனியாக நின்றாள்.

"நாப்பது வருஷத்துக்கு முன்னாடி அந்தக் கிழவர் என்ன சொன்னார்னு ஒரு தடவையாவது கேட்டீங்களா?"

அவர் பெட்டி வருகிறதா என்று பார்த்தார்.

"'ஏம்மா, பின்னாடி ஒரு பையன் முயல் மாதிரித் தலையைத் தூக்கித் தூக்கிப் பாக்கறானே, உன் வீட்டுக்காரனா?'ன்னு கேட்டார். நான் திரும்பினேன், நீங்க சட்டுனு குனிஞ்சுட்டீங்க. சிரிச்சேன். மறுபடி தூக்கினீங்க. மறுபடி சிரிச்சேன். நல்ல ஆளாத்தான் வாய்ச்சிருக்கார்னு அப்பத்தான் எனக்குத் தைரியமே வந்துச்சு." பெட்டி வந்தது, பத்து கிலோவுக்கு மேல் இருக்கும், அவளே இழுத்து எடுத்தாள். "இன்னிக்கு அந்த ஆள் என்ன சொன்னான் தெரியுமா? 'தங்கச்சி, பின்னாடி ஒரு முயல்...'"

தோக்-சு சுவர்ப்பக்கம் திரும்பிக் கோப்பைத் திறந்தார். நாற்பது உறைகளும் நிரம்பியிருந்தன. கைக்குட்டையை மடிப்புக் கலையாமல் முதல் உறையில், அந்தப் பழைய போர்டிங் பாஸுக்கு முன்னால் செருகினார். பிறகு, "கிம்பாப்ல ரெண்டு துண்டு குறைஞ்சது" என்றார்.

"தெரியும். நான்தான் சாப்பிட்டேன்."

திரும்பும் பயணத்துக்கும் அவர் பதினான்கு-ஏ, பதினான்கு-பியைத்தான் பதிவு செய்திருந்தார் என்பதும், அதை மாற்றித் தரும்படி தமக்கு எதிராகத் தாமே மருத்துவச் சான்றுடன் பன்னிரண்டாவது கடிதம் எழுத நேர்ந்தது என்பதும், அதற்கும் 'தங்கள் மேலான கருத்துக்கு நன்றி' என்றே பதில் வந்தது என்பதும் கூடுதல் தகவல்கள்.

நீங்கள் இவ்வளவு நேரம் சிரித்துக்கொண்டு படித்திருப்பீர்கள். சிரியுங்கள், நானும் இதை எழுத உட்காருமுன், என் பழைய காகிதங்கள் கிடக்கும் மேசையின் இரண்டாவது இழுப்பறையைப் பூட்டிச் சாவியை எடுத்து வைத்துக்கொண்டேன். நீங்கள் எந்தக் காகிதத்தையும் சேர்த்து வைப்பதில்லை, கடைசியாகப் பறந்தபோது வாங்கிய போர்டிங் பாஸை அன்றே தூக்கி எறிந்துவிட்டீர்கள், அப்படித்தானே? மிக நல்லது. அன்றைக்கு உங்கள் இருக்கை எண் என்ன என்று யாராவது கேட்டால் மட்டும், சட்டென்று சொல்லிவிடாதீர்கள்.